கப்பலைத் தவறவிட்டவரின் கொள்ளுப்பேத்தி எழுதுவது

அனுப்புநர்: ஓர் ஆங்கில டீச்சர், இருங்காட்டுக்கோட்டைக்கு அருகில், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு விசா அதிகாரி அவர்கள், தாய்மொழியாளர் பட்டியல் மேசை, குடிவரவுத் துறை, தென் கொரியா.

பொருள்: ஆங்கிலம் கற்பிக்க முறையான விசா – என் கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறாமல் திரும்பியது – மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஈ-2 விசா விதிகள்.

ஐயா,

நான் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். மெட்ரிக் பள்ளி ஒன்றில் 22 வருடமாக ‘ஹி கோஸ், தே கோ’ என்று கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்தவள். உங்கள் நாட்டுக்கு வந்து இதையே கத்தினால் என்ன என்று போன வருடம் ஓர் ஆசை வந்தது. உங்கள் விதிகளைப் படித்ததும் போய்விட்டது. விமானக் கட்டணம், கம்பளிக் கோட்டு, மாமியாரைச் சமாதானப்படுத்தும் செலவு எல்லாவற்றையும் மிச்சப்படுத்திக் கொடுத்தீர்கள். முதலில் அதற்கு நன்றி.

கொரியர்கள் எனக்குப் புதியவர்கள் இல்லை. 1998-ல் ஹூண்டாய் இங்கே கார் செய்யத் தொடங்கியதிலிருந்து உங்கள் ஊர்க்காரர்கள் எங்கள் பக்கம் வந்து போகிறார்கள். அவர்கள் குடும்பத்துப் பெண்கள் சிலருக்குச் சாயங்காலம் நான்தான் டீச்சர். முதல் பாடம் எப்போதும் ‘ஃப’. கீழுதட்டை மேற்பல்லால் லேசாகக் கடிக்கச் சொல்லி, ‘காஃபி’ என்பேன். அவர் உதட்டைக் கடிப்பார், கண்ணை மூடுவார், மூச்சைத் திரட்டுவார், கடைசியில் ‘கோபி’ என்பார். அடுப்படியிலிருந்து என் மாமியார், “காபி ஆறிப்போகுது, மொதல்ல அந்தப் பொண்ணக் குடிக்கச் சொல்லு” என்பார். உங்கள் எழுத்தில் அந்த ஒலி கிடையாது. எங்களுக்கும் கிடையாது, ஆய்தத்தை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். உங்கள் மேசையில் இருக்கும் ஃபைல் உங்களுக்குப் ‘பாயில்’, எங்கள் தாலுகா ஆபீசில் அது ‘பைல்’. கொரிய நாக்கு எந்த இடத்தில் வழுக்கும் என்று எனக்குத் தெரியும், ஐயா. அதே இடத்தில் நானும் விழுந்து எழுந்தவள்.

ஆனால் ஈ-2 விசாவுக்கு நாக்கைப் பார்ப்பதில்லை, பாஸ்போர்ட்டைத்தான் பார்ப்பீர்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்த ஏழில் ஒன்று அட்டையில் இருந்து, ஏதாவது ஒரு பாடத்தில் பட்டமும், அப்போஸ்டில் முத்திரை குத்திய போலீஸ் சான்றும் இருந்தால், உங்கள் ஹாக்வோன் என்கிற டியூஷன் சென்டர்களில் கதவு திறக்கும். பட்டம் கடல் உயிரியலா, கோல்ஃப் நிர்வாகமா என்று யாரும் கேட்பதில்லை. மீனுக்கும் இலக்கணம் உண்டுபோல.

இந்தியரை நீங்கள் அடியோடு மறந்துவிட்டதாகச் சொன்னால் பாவம் வரும். இரு நாட்டுப் பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி நாங்களும் ஈ-2-வில் வரலாம். எங்களிடம் மட்டும் ஆங்கிலத்திலேயே பட்டம் வேண்டும், ஆசிரியர் சான்றிதழும் வேண்டும். இவ்வளவும் இருந்தால் பள்ளிக்கூடத்தில் ‘உதவி’ ஆசிரியராக இருக்கலாம். கோல்ஃப் படித்தவர் பாடம் நடத்த, பி.எட். முடித்தவள் டஸ்டர் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நான் புரிந்துகொண்டேன். தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

பட்டியலில் இருப்பவர்களையும் நீங்கள் தாங்கு தாங்கென்று தாங்கவில்லை என்பது எனக்கு ஆறுதல். அவர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை வைத்தீர்கள், உள்ளூர் ஆசிரியருக்கு அது இல்லை. நியூசிலாந்து டீச்சர் ஒருவர் ஐ.நா. குழுவரை போய், 2015-ல் அது பாகுபாடு என்று அங்கே சொன்ன பிறகு, 2017-ல்தான் கைவிட்டீர்கள்.

இப்போது கப்பல் விஷயம். ஏழாவதாகத் தென்னாப்பிரிக்கா இருக்கிறது. 2022 கணக்கெடுப்பின்படி அங்கே வீட்டில் ஆங்கிலம் பேசுபவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அந்தச் சிலரில் டர்பன் தமிழர்கள் உண்டு. ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிப் போய் 1860 நவம்பர் 16 அன்று அங்கே இறக்கியது. 1911 வரை அப்படிக் கப்பல்கள் போயின. எங்கள் வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள் ஏராளம். 1900 வாக்கில் என் கொள்ளுத்தாத்தாவும் அவர் அண்ணனும் சென்னைத் துறைமுகம்வரை சேர்ந்தே நடந்திருக்கிறார்கள். அண்ணன் ஏறிவிட்டார். இவர் கடலைப் பார்த்துப் பயந்து, கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு ஊர் திரும்பிவிட்டார்.

இரண்டு பேருக்கும் கைநாட்டுதான். ஆனாலும் அண்ணனின் கொள்ளுப்பேத்தி இன்று உங்களுக்குத் தாய்மொழி ஆங்கிலத்துக்காரி. தம்பியின் கொள்ளுப்பேத்தி எம்.ஏ. படித்தும் உதவி. ஒரே முதலாளியோடு கட்டிப்போட்ட ஒப்பந்தத்தில் அன்று அண்ணன் போனார். உங்கள் விசாவும் ஒரே பள்ளியோடுதான் கட்டிப்போடுகிறது என்று கேள்வி. அந்த அக்காவைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இதற்கிடையில் ஒரு தரகர் வாட்ஸப்பில் வந்தார். “மேடம், டூரிஸ்ட் விசால போய் எறங்குங்க. மத்ததெல்லாம் அங்க பாத்துக்கலாம்.” வேலை கொடுக்கிறவர் முதலில் உங்கள் அலுவலகத்தில் அனுமதி எண் வாங்க வேண்டும், அந்த எண் வந்த பிறகுதான் தூதரகத்தில் விசா என்று படித்திருந்தேன். எண் எங்கே என்று கேட்டேன். அவர் தன் இன்னொரு செல் நம்பரை அனுப்பினார். “போட்டோ மட்டும் கொஞ்சம் பளிச்சுனு அனுப்புங்க” என்றார். நான் பளிச்சென்று வர வேண்டுமானால் எனக்கு விசா கொடுக்க வேண்டியவர் எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர்.

விசா விண்ணப்பத்தில் ‘வருகையின் நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. சுற்றுலா என்று அதில் எழுதினால் எழுத்துப்பிழை இருக்காது, இலக்கணப்பிழை இருக்காது, மொத்தமும் பொய்யாக இருக்கும். அப்பா கையெழுத்தைத் தானே போட்டு லீவு லெட்டர் கொண்டுவரும் எட்டாம் வகுப்புப் பையனை வெளியே நிறுத்துகிறவள் நான். மாட்டினால் அபராதம், நாடு கடத்தல், மறுபடி நுழையத் தடை எல்லாம் எனக்கு. தரகருக்கு அடுத்த மேடம். சம்பளம் வராவிட்டால் நான் யாரிடம் போய் முறையிடுவது? சுற்றுலாப் பயணிக்கு ஏது ஐயா சம்பள பாக்கி? அவர் நம்பரை பிளாக் செய்துவிட்டேன்.

ஆகவே, என் கொள்ளுத்தாத்தா கடலைக் கண்டு பயந்த குற்றத்தை மன்னித்து, ஏழு நாட்டுப் பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உதவி (ஒப்பந்தப்படி)

இணைப்பு: எம்.ஏ. நகல், பி.எட். நகல், கும்பகோணம் டிகிரி காபித் தூள் 200 கிராம். கடைசியில் சொன்னதன் பெயரை உங்கள் நாக்குக்கு வந்தபடி சொல்லிக்கொள்ளலாம். திருத்துவதற்கு எனக்கு விசா இல்லை.