அம்மையார் ஊர்க்காரிகள்

எங்கள் இளமையில் காரைக்கால் பெண்பிள்ளைகளுக்கு ஊர் சுற்றிப் பார்ப்பது என்று ஒரு காரியம் இருந்ததில்லை. வெளியே போக ஒரு சாமி வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கல்யாணமோ சாவோ வேண்டும். கடல் நடந்தால் எட்டிவிடும் தூரம்தான். ஆனாலும் மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போதுதான் அதை ஆசை தீரப் பார்க்க விடுவார்கள். மீனவர்கள் பெருமாளை 'மாப்பிள்ளை' என்று உரிமையோடு எதிர்கொள்வார்கள். தீர்த்தவாரி முடிந்து சனம் கலைந்தால் எங்கள் கடலும் முடிந்தது. பிறகு அடுத்த மாசிதான்.

அப்படி வளர்ந்த நாங்கள் நாலு பேர், அறுபதைத் தாண்டியபின், எந்தச் சாமியையும் சாக்குச் சொல்லாமல், வெறுமே பார்ப்பதற்காக ஒரு கார் அமர்த்திக்கொண்டு காலையிலேயே கிளம்பினோம். "எங்கே போறீங்க, எப்ப வருவீங்க?" என்று கேட்க எந்த வீட்டிலும் ஆள் இல்லை. மருமகள்கள் தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்பினார்கள்.

கல்லூரி நாள்களில் ஒருத்தியை ஒருத்தி தெருவையும் ஊரையும் வைத்துத்தான் கூப்பிடுவோம். அந்த வழக்கம் இன்னும் விடவில்லை. மாதாகோவில் வீதிக்காரி இப்போது பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அவள் அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 1954 நவம்பர் 1-இல் காரைக்காலின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தாலும், சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர் ஆனார்கள். அவர் எழுதிக் கொடுத்தார். அவருடைய தம்பி கொடுக்கவில்லை. ஒரே முற்றத்தில் பெரியப்பா பிள்ளைகள் ஒரு நாட்டார், சித்தப்பா பிள்ளைகள் வேறு நாட்டார். அப்போது எங்களுக்கு இது விசித்திரமாகவே படவில்லை. காரைக்காலில் இப்படி எத்தனையோ வீடு.

காஜியார் வீதிக்காரி தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். திருநள்ளாற்றுக்காரி செவிலியாக இருந்தவள். மருந்து டப்பா இல்லாமல் வாசல்படி இறங்கமாட்டாள்.

முதலில் தரங்கம்பாடி. அந்தக் காலத்தில் மாயவரம் போகும் பஸ்ஸில் எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறோம். "அதோ கோட்டை, அதோ கோட்டை" என்று ஜன்னல் பக்கம் தலையை நீட்டுவோம், ஒன்றும் தெரியாது. கோட்டை கடலோரத்தில் உள்ளே தள்ளி இருக்கிறது என்பதே இறங்கிப் போனவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் அம்மாக்கள் காலத்தில் அந்தப் பயணம் இன்னும் சிரமம். எல்லையில் சுங்கச் சாவடி. மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். இப்போது பூவம் தாண்டுவது தெரியாமலே தாண்டிவிடுகிறோம். எல்லை நெருங்குகிறது என்பதைச் சாராயக் கடைகள்தான் சொல்கின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பக்கத்து மாவட்டத்தார் பலருக்குக் காரைக்கால் என்றால் அது ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது.

டேன்ஸ்போர்க் கோட்டையை 1620-இல் டென்மார்க்குக்காரர் கட்டினார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு வந்தவர் ஓவ கெட்டே என்ற கடற்படைத் தலைவர். இருநூற்றிருபத்தைந்து ஆண்டு வைத்திருந்துவிட்டு 1845-இல் வெள்ளைக்காரனுக்கு விற்றுப் போனார்கள். உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். சீனத் தேயிலை ஜாடிகள், சுதைப் பொம்மைகள், வாள், ஈட்டி, சிறிய பீரங்கிக் குண்டுகள், ஒரு திமிங்கலத்தின் எலும்புகள். சின்ன இடம்தான். ஆனால் நாங்கள் ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் நின்றோம். மாதாகோவில் வீதிக்காரி பாரீசில் எவ்வளவோ பெரிய மியூசியங்களைப் பார்த்தவள். அவள்தான் ஜாடிகளை விட்டு நகரவே இல்லை. "இந்த மாதிரி ஜாடியிலதாண்டி எங்க பாட்டி ஊறுகா போட்டு வச்சிருந்துச்சு" என்றாள். அவள் பாட்டி வீட்டு ஜாடியை யாரும் பெட்டிக்குள் வைக்கவில்லை. வீடு விற்றபோது அது எங்கே போனதென்று அவளுக்கும் தெரியாது.

கோட்டை மேல்தளத்தில் நின்றால் கடல் நேரே முகத்தில் அடிக்கிறது. வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, எழுநூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதன் முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26-இல் இந்தக் கரை முழுக்கக் கடல் என்ன செய்தது என்பதை நாலு பேரும் அறிவோம். திருநள்ளாற்றுக்காரி அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பணியில் இருந்தவள். காரைக்கால் மீனவக் குப்பங்களிலிருந்து வந்த பிள்ளைகளை அவள் கையால் வாங்கிக் கிடத்தியிருக்கிறாள். கடலைப் பார்த்துக்கொண்டு அவள் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து அவளே, "வெயில் ஏறுது, போவோம்" என்றாள்.

அடுத்தது சீகன்பால்கு இருந்த வீடு. அதுவும் இப்போது ஓர் அருங்காட்சியகம். 1706 ஜூலையில் வந்து இறங்கிய அந்த ஜெர்மானியப் பாதிரியார் தமிழ் படித்து, அச்சு எந்திரம் வரவழைத்து, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். காகிதம் போதாமல் பொறையாற்றுப் பக்கம் காகிதப் பட்டறை வைத்தார்கள். 1719-இல் இறந்தபோது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவரே கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் புதைத்திருக்கிறார்கள். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் வந்ததுதான். வராத ஒன்று எங்களை நிறுத்தியது: 1707-இலேயே அவர் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வைத்திருக்கிறார். இந்தியாவின் முதல் பெண்கள் பள்ளி என்று சொல்கிறவர்கள் உண்டு. முதலோ இல்லையோ, முந்நூறு ஆண்டுக்கு முன்னால் இந்த மணலில் ஒரு பெண்பிள்ளை விரலால் 'அ' எழுதியிருக்கிறாள். அங்கிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லாத எங்கள் ஊரில், காஜியார் வீதிக்காரி கல்லூரியில் சேர அவள் வாப்பாவிடம் ஒரு மாதம் அழ வேண்டியிருந்தது. "பெரியவளாயிட்டா, இனிமே என்ன படிப்பு" என்று சொந்தக்காரர்கள் வந்து வந்து சொன்னார்கள். கடைசியில் அவள் உம்மாதான் ஜெயித்துக் கொடுத்தார். அந்த அறையில் நின்று அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என்னடி என்றால், தூசி என்றாள். இன்று அவள் பேத்தி என்.ஐ.டி.யில் படிக்கிறாள், அதுவும் காரைக்காலிலேயே.

பூம்புகாருக்கும் போவதாகத்தான் திட்டம், நேரம் போதவில்லை. அது நாங்கள் ஏற்கெனவே பார்த்த இடம். சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973-இல் திறந்தார்கள். அது புதிதாயிருந்தபோது கல்லூரியில் அழைத்துப் போனார்கள். எங்கள் பெண்கள் கூட்டம் சாமி இல்லாமல் ஊர் தாண்டியது அது ஒரு தடவைதான். கல்லில் கண்ணகி கதையை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது எங்கள் தமிழ்ப் பேராசிரியை சொன்னது நினைவிருக்கிறது. இந்தக் கடற்கரையில் வணிகனை மணந்த இரண்டு பெண்களை அவர்கள் கணவர்கள் விட்டுப் போனார்கள், ஒருத்தி மதுரையை எரித்தாள், மற்றவள் தன் உடம்பை உதறினாள் என்றார். மற்றவள் யார் என்று எங்களில் ஒருத்திக்கும் உடனே தெரியவில்லை. காரைக்கால்காரிகள் நாங்கள், அம்மையாரை அப்படி நினைத்துப் பார்த்ததே கிடையாது.

மாலையில் ஊர் திரும்பினோம். காரைக்காலிலும் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை வைத்திருந்தார்கள். 1739-இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து ஊரைப் பெற்றவர்கள், 1760-இல் அதை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். ஊர் பிறகு திரும்பி வந்தது, கோட்டை வரவில்லை. தரங்கம்பாடிக்கு வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு கோட்டை இருக்கிறது. எங்களுக்குத் தெருப்பெயர்களும் ஒரு சில பழைய வீடுகளும்தான். அதனால் எங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் சனீஸ்வரனையும் அம்மையாரையும் சொல்லிப் பழகிவிட்டோம்.

அம்மையார் கோயிலுக்குள் போய் வந்து குளத்துப் படியில் உட்கார்ந்தோம். காஜியார் வீதிக்காரி வெளியிலேயே எங்களுக்காகக் காத்திருந்தாள். மாதாகோவில் வீதிக்காரி செல்போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். நியூயார்க்கில் மகன் வீட்டுக்குப் போனபோது மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் எடுத்தது: சோழர் காலத்துச் செப்புத் திருமேனி. எலும்பும் தோலுமாக, முலை வற்றி, சம்மணம் போட்டுக் கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கிறார் அம்மையார். கான்சஸ் நகரத்து நெல்சன் அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் இப்படி ஒன்று உண்டு, அது இன்னும் புகழ்பெற்றது. "கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால நின்னு, இவங்க எங்க ஊருன்னு பக்கத்துல இருந்த அம்மாகிட்ட சொன்னேண்டி. அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியலே" என்றாள்.

நாங்கள் பார்த்து வளர்ந்த அம்மையார் இவரில்லை. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் பட்டுப்புடவையும் நகையுமாகப் பரமதத்தனைக் கல்யாணம் செய்துகொள்ளும் புனிதவதிதான் எங்களுக்குத் தெரிந்தவர். மறுநாள் பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்தில் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கும். பிள்ளையில்லாதவர்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். எல்லாம் கண்டிருக்கிறோம். அதற்குப் பின் கதையில் என்னென்ன உண்டு! மாம்பழ அற்புதத்தைக் கண்ட கணவன் பயந்து கப்பலேறிப் போகிறான், பாண்டி நாட்டில் வேறொருத்தியைக் கட்டிப் பிறந்த மகளுக்கு இவள் பெயரையே வைக்கிறான், தேடிப் போனவளின் காலில் குடும்பத்தோடு விழுகிறான். இனி இந்தத் தசை எதற்கு என்று அவள் பேயுரு வேண்டிப் பெறுகிறாள். திருவிழாவில் அதுவும் நடக்கிறது, விடியற்காலையில். ஆனால் அதற்குள் எங்களைத் தூங்க வைத்துவிடுவார்கள். பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணமும் மாம்பழமும் போதும் என்று நினைத்திருக்க வேண்டும். அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் எல்லாம் நிற்க அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். அது ஏன் என்றும் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

காஜியார் வீதிக்காரி படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுடைய தாத்தா சைகோனில் துணிக்கடை வைத்திருந்தவர். பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்ததால் காரைக்கால், புதுச்சேரி ஆட்கள் எத்தனையோ பேர் அங்கே போய்ப் பிழைத்தார்கள். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே அம்மையார் அந்தப் பக்கம் போய்விட்டார் என்று நான் சொன்னேன். கம்போடியாவில் பந்தியாய் ஸ்ரீ என்ற கோயில், 967-இல் எழுந்தது. அதன் கோபுர முகப்பில் ஆடுகிற சிவனின் காலடியில், வற்றிய உடம்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்; அறிஞர்கள் அவரைக் காரைக்கால் அம்மையார் என்றே அடையாளம் சொல்கிறார்கள். 1930-களில் பிரெஞ்சுத் தொல்லியலார் அந்தக் கோயிலைக் கல் கல்லாக எடுத்துக் கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவள் தாத்தா சைகோனில் முழம் போட்டுத் துணி அளந்துகொண்டிருந்தார். "தெரிஞ்சிருந்தா அவங்க போய்ப் பாத்திருப்பாங்க" என்றாள் அவள். "நம்மூர்ப் பொம்பளைன்னா விட்டிருக்க மாட்டாங்க."

பிறகு அவள் ஆசிரியை ஆனாள். "கல்யாணமும் மாம்பழமும் சேக்கிழார் சொன்னது, பன்னிரண்டாம் நூற்றாண்டுல. அம்மையார் தானே பாடினது நூத்து நாப்பத்து மூணு பாட்டு இருக்கு. அதுல மாம்பழமே கெடையாது. புருசனும் கெடையாது" என்றாள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் அவள். திருநள்ளாற்றுக்காரிக்கும் எனக்கும் அது புதுச் செய்தி. தினம் கோயில் வாசலைத் தாண்டிப் போன எங்களுக்கு ஒரு பாட்டுத் தெரியாது. தேவார மூவருக்கும் முன்னால் பாடிய கவி எங்கள் தெருவில் பிறந்தவர் என்று பெருமைப்படவும் தெரியாமல் இருந்தோம். இந்த ஊரில் பிறக்கும் ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் மாம்பழக் கதையோடு கூடவே அந்தப் பாட்டுகளையும் கொடுக்க வேண்டும். அவை நம்முடைய கோட்டை, நம்முடைய அருங்காட்சியகம் எல்லாம்.

கோயில் வாசல் கடையில் திருநள்ளாற்றுக்காரி ஒரு சின்னப் புத்தகம் வாங்கி வந்தாள். அற்புதத் திருவந்தாதி 101 வெண்பா. ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்தது தொடங்கும். காஜியார் வீதிக்காரி முதல் பாட்டைப் படித்தாள். அடுத்தது நான். மாதாகோவில் வீதிக்காரிக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வந்தது. சொல் சொல்லாகக் கூட்டிப் படித்தாள், நாங்கள் அவசரப்படுத்தவில்லை. புத்தகம் கை மாறிக்கொண்டே போனது. வெளிச்சம் மங்கிக் கண்ணாடி போட்டும் எழுத்துத் தெரியாமல் போனபோது பாதிகூட ஆகவில்லை. மீதியை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிக்கொள்வது, முறை மாறக்கூடாது என்று பேசி முடித்தோம். மறுநாள் பாங்கு சொல்லி முடிந்த கையோடு காஜியார் வீதிக்காரியிடமிருந்து முதல் பதிவு வந்துவிட்டது. பின்னாலேயே எழுத்தில் ஒரு வரி: "மாதாகோவில் வீதிக்காரி ப்ளேன் ஏறுறதுக்குள்ள அவ பாட்டையும் அனுப்பச் சொல்லுடி."