பழைய சூரியனுக்குப் பேரீச்சம்பழம்

மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்று நம் நாட்டில் ஒன்று இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் அமல். (தேதியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நான் குறித்த நாள் அல்ல.) டிவி, பிரிட்ஜ் தயாரிப்பவரிடம் ‘இத்தனை சதவீதத்தை மறுசுழற்சி செய்தாக வேண்டும்’ என்று அதட்டும் அந்த விதிகள், சோலார் பேனல் என்றதும் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றன: 2034-35 வரை சேருகிற கழிவைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், போதும்.

பழையதைப் பரணில் போட்டு வை, அப்புறம் பார்க்கலாம் என்று பாட்டி சொன்னால் அது சோம்பல். அரசிதழில் வந்தால் கொள்கை.

பரண் மட்டும் கொஞ்சம் பெரிதாக வேண்டும். 2023 மார்ச் வரை நாட்டில் நிறுவிய பேனல்களிலிருந்தே 2030-க்குள் 3.4 லட்சம் டன் கழிவு சேரும் என்று சிஇஇடபிள்யூ ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. 2016-இல் வந்த கமுதி மின்நிலையத்தில் மட்டும் 25 லட்சம் பேனல்கள். மாட்டும்போது ரிப்பன் வெட்ட அமைச்சர்கள் வரிசைகட்டி வருவார்கள். கழற்றும்போது வருகிறவர் காயலான் கடைக்காரர் ஒருவர்தான்.

அவர் அலுமினியச் சட்டத்தை உருவுவார், செம்புக் கம்பியை அறுப்பார், மிச்சத்தைக் கண்மாய்க் கரையில் கொட்டுவார். கொட்டியதில் ஈயப் பற்றும் உண்டு; அது நம் மண்ணுக்கு இலவச இணைப்பு. சிலிக்கானும் உண்டு. மண்ணிலிருந்து எடுத்து, ஆயிரத்து நானூறு டிகிரிக்கு மேல் உருக்கி, மாசு போகப் புடம்போட்ட சரக்கு. அதை நுண்பொடியாக்கி லித்தியம் பேட்டரியில் சேர்த்தால், அதே எடை கிராஃபைட்டைவிடச் சுமார் 10 மடங்கு மின்னூட்டத்தைத் தாங்கும். சார்ஜ் ஏறும்போது பூரிபோல உப்பிக்கொள்ளும் என்பது ஒரு தொல்லை. அதனால் கிராஃபைட்டோடு கலந்துதான் போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகம் பழைய பேனலிலிருந்தே அந்தப் பொடியை எடுத்து 2022-இல் அறிவித்தது. கிலோ 40,000 டாலருக்கு மேல் விலைபோகிற பொருள் என்றும் சொன்னார்கள்.

நாம் அதைக் கண்மாய்க்குத் தாரைவார்த்துவிட்டு, பேட்டரிச் சரக்குக்குச் சீனாவின் வாசலில் பை தூக்கி நிற்கிறோம். தற்சார்பு என்று அந்தப் பையிலேயே அச்சடித்திருக்கிறோம்.

எங்கள் ஊர்க் கடைக்காரரிடம் சட்டத்தைச் சொன்னேன். “கொட்டாதீங்கண்ணே, 2035 வரைக்கும் எடுத்து வைக்கணுமாம்.”

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வைக்கலாம் தம்பி. குடோன் வாடகை யாரு குடுப்பா?”