ஒரகடத்திலிருந்து ஓர்க்காவுக்கு

கேள்வி: ஒரகடம் ஆலைத் தொழிலாளியால் ஓர்க்கா திமிங்கிலத்தைக் காக்க முடியுமா?

பதில்: முடியும். ஒரகடத்துக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பினால், நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்கு. அது நிரம்பினால் அடையாற்றுக்கு. அடையாறு வங்கக் கடலுக்கு. பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் சேர்க்கப்பட்ட பிசிபி நஞ்சு இந்த நீரில் கலந்தால் எளிதில் சிதையாது. மீனுக்கு மீன் ஏறி, ஓர்க்காவின் கொழுப்பில் தங்கி, தாய்ப்பால் வழியே குட்டிக்கும் இறங்குகிறது. எனவே கழிவெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், அபாயகரக் கழிவைக் கையாள உரிமம் பெற்ற நிறுவனத்திடம் சேர்ப்பதே முதல் உதவி. ஓர்க்கா சிக்காதபடி, கிழிந்த வலையைக் கடலில் விடாதிருப்பது மீனவர் செய்யும் உதவி.

இலங்கையின் மிரிஸ்ஸ, திருகோணமலைக் கடல்களில் ஓர்க்கா அவ்வப்போது தென்படுகிறது. முதுகுத் துடுப்பின் வடுவும் அதன் பின்னுள்ள சாம்பல் திட்டும் ஒவ்வோர் ஓர்க்காவுக்கும் வேறுவேறு. சுற்றுலாப் படகில் செல்பவர் விலகி நின்று எடுக்கும் படமே ஆய்வாளருக்கு அதன் அடையாள அட்டை.