குரங்குக்கு வகுப்பெடுத்தது யார்?

கேள்வி: இது காது, இது வால் என்று படத்தில் யாரும் குறித்துக் கொடுக்காமலே கணினி பாகம் பிரிக்கிறதாமே, நம்பலாமா? – வாசகர், மேலகரம்

பதில்: தாராளமாக. குற்றாலத்துக் குரங்குக்குப் பையில் ஜிப் எது, பிடி எது என்று யார் வகுப்பெடுத்தது? சிப்ஸ் பொட்டலத்தைப் பறிகொடுத்தவர்களைக் கேளுங்கள்!

2021-இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து வெளியிட்ட 'டைனோ' என்ற கணினிப் பயிற்சி முறை இந்த ரகம். படத்தின் சின்னத் துண்டைப் பார்க்கும் மாணவ வலைப்பின்னல், பெரிய துண்டைப் பார்க்கும் ஆசிரியரின் பதிலோடு ஒத்துப்போக வேண்டும். அந்த ஆசிரியர் வேறு யாருமல்ல, மாணவனுடைய பழைய நிலைகளின் சராசரிதான். டியூஷன் ஃபீஸ் மிச்சம். இப்படிப் பழகியதும், பின்னணியிலிருந்து பொருளைத் தானாகவே பிரித்துக் காட்டியது. அதன் உள்கணக்குகளில் ஒத்தவற்றைக் கூட்டம் சேர்த்தால், நாயின் காதும் பூனையின் காதும் ஒரே கூட்டத்தில் வந்து உட்காருகின்றன. அதற்குப் பெயர் 'காது' என்பது மட்டும் தெரியாது.

எத்தனை கூட்டம் என்பதைப் பெரும்பாலும் நாம்தான் சொல்ல வேண்டும். ஐந்தருவிப் படத்தைக் கொடுத்து 3 என்றால் மூன்றாகத்தான் பிரிக்கும். வெள்ளம் வந்து ஐந்தும் கலந்துவிட்டால்? கவலை வேண்டாம், போலீஸ்காரர் யாரையும் கிட்டவே விடமாட்டார்.