காட்டில் முன்னால் நடப்பவர்

1980களில் ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப்புக்குப் போக வேண்டுமென்றால் பொள்ளாச்சியில் யாரையாவது தெரிந்திருந்தால் நல்லது. முன்கூட்டியே கடிதம் போட்டு, விடுதியில் அறை உறுதியான பிறகுதான் மூட்டை கட்டுவோம். அரிசி, பருப்பு, தீப்பெட்டி, டார்ச் லைட் பேட்டரி எல்லாவற்றையும் சேத்துமடை தாண்டுவதற்குள் வாங்கிவிடுவோம். பஸ் மலையேறி நின்றால் எதிரே புல்வெளியில் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். இறங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இன்று அதே மலைக்குப் போகக் கடிதமும் வேண்டாம், தெரிந்தவரும் வேண்டாம். கைபேசியிலேயே பதிவு செய்துவிடலாம். விடுமுறை நாளில் சேத்துமடை சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. எங்கள் காலத்தில் காடு சிலருக்கு மட்டும் திறந்திருந்தது. இன்று கேட்டவர்க்கெல்லாம் திறக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வந்தவர்களில் எத்தனை பேர் காட்டுக்குள் கால் வைக்கிறார்கள்? பெரும்பாலோர் வேனில் ஏறி ஒரு சுற்று போய், மானையும் காட்டெருமையையும் படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் மலை இறங்கிவிடுகிறார்கள்.

அன்று வேன் சுற்று எங்கள் நினைப்பிலேயே இல்லை. நடந்தோம். முன்னால் நடந்தவர் மலசர் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர். அட்டைக்காக உப்பைத் துணியில் முடிந்து எங்கள் கையில் கொடுத்துவிட்டு, அவர் வெறுங்காலோடு போனார். பாதையில் கிடந்த யானை லத்தியைக் குச்சியால் பிளந்து, புறங்கையை அருகில் வைத்துப் பார்த்தார். உள்ளே சூடு இருந்தது. மூங்கில் நார், செரிக்காத விதைகள், அவற்றைத் தேடி வந்துவிட்ட சாணி வண்டுகள். "இப்பத்தான் போயிருக்குதுங்க. ஓடைப் பக்கம் நிக்கும். வாசம் வரலீங்களா?" என்றார். எங்களுக்கு ஒரு வாசமும் வரவில்லை. அவர் காட்டிய பக்கம் மூங்கில் முறியும் சத்தம் கேட்டபோதுதான் புரிந்தது. "பேசாம வாங்க சாமி" என்று வேறு வழியில் திருப்பிக் கூட்டிப்போனார். போகிற வழியில் தேக்கின் இளந்தளிரைக் கிள்ளி என் உள்ளங்கையில் கசக்கினார், கை சிவந்துபோனது.

அந்தத் தேக்குக்கு ஒரு வரலாறு உண்டு. வெள்ளைக்காரர்கள் கப்பலுக்கும் ரயில் தண்டவாளக் கட்டைக்கும் இந்த மலையை வெட்டித் தள்ளினார்கள். உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்ட மரங்கள் அடிவாரத்தில் போய்ச் சேர்ந்தன. அப்படி மொட்டையான காட்டை மறுபடி தேக்கால் நிரப்பியவர் ஹியூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரி. 1933இல் இறந்த அவருடைய கல்லறை இங்கேயே, மவுண்ட் ஸ்டூவர்ட்டில் இருக்கிறது. அந்தக் கல்லறை முன்னால் நான் மரியாதையோடு நின்றிருக்கிறேன். அதே காட்டைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த பழங்குடிகளான காடருக்கும் மலசருக்கும் அப்படி ஒரு கல் இல்லை. அன்று எங்களைக் கூட்டிப்போன பெரியவருக்குக் கிடைத்ததெல்லாம் நாங்கள் கையில் வைத்த சில ரூபாய்தான். அவருடைய அறிவுக்கு ஒரு வேலைப் பெயர்கூட அன்று கிடையாது.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ எந்தப் பக்கம் பாயும், எந்த மாதத்தில் எந்த மலைக்குப் போகக் கூடாது என்பதெல்லாம் உயிர் சம்பந்தப்பட்ட அறிவு என்று ஊருக்கே புரிந்தது அப்போதுதான். அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024இல் தமிழக அரசு 40 மலைப்பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையப் பதிவோடும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடும் திறந்தது. வழிகாட்டிகளில் பழங்குடி இளைஞர்களும் வனத்தையொட்டிய ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். காட்டுத்தீ அபாயம் கூடும் மாதங்களில் பாதைகள் மூடப்படுகின்றன.

அந்தப் பாதைகளில் ஒன்று டாப்சிலிப்பிலிருந்து பண்டாரவரைக்குப் போகிறது. அண்மையில் அதில் நடந்தேன். இந்த முறை முன்னால் நடந்தவர் சீருடை அணிந்த மலசர் இளைஞர். பையில் முதலுதவிப் பெட்டி. இருவாச்சி ஒன்று தலைக்கு மேல் இரைச்சலோடு பறந்தபோது எல்லோரும் கைபேசியைத் தூக்கினோம். "படம் அப்புறம் எடுக்கலாங்க, மொதல்ல ரெக்கைச் சத்தத்தக் கேளுங்க" என்றார். பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்வதையும், ஒரு சிறு பிளவு வழியாக ஆண் பறவை அத்திப்பழம் ஊட்டுவதையும் விளக்கினார். ஒரு பெரிய அத்திமரம் விழுந்தால் எத்தனை கூடுகளுக்குச் சாப்பாடு இல்லாமல் போகும் என்று கேட்டார். கூட வந்த கல்லூரிப் பெண்கள் அவரை "அண்ணா, அண்ணா" என்று கேள்வி கேட்டுத் துளைத்தெடுத்தார்கள்.

அன்றைய காடு தாராளம், இன்றைய காடு கெடுபிடி என்று என் வயதுக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வதை நான் ஏற்கவில்லை. இரவில் சுற்றக் கூடாது, தீ மூட்டக் கூடாது, பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது என்பதெல்லாம் தேவையான கெடுபிடிகள். 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஆனைமலையில் முதல் உரிமை அங்கே வாழும் உயிர்களுக்குத்தான். அடுத்த உரிமை அங்கேயே பிறந்து வளர்ந்த மக்களுக்கு. விருந்தாளிகளான நமக்கு அதற்குப் பிறகுதான் இடம்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. நடைக்கான கட்டணம் நடுத்தரக் குடும்பத்தையே யோசிக்க வைக்கிறது. பணம் கட்ட முடிந்தவர்கள் நடக்க, மற்றவர்கள் வேனில் ஒரு சுற்றோடு திரும்பினால், தெரிந்தவர்களுக்கு மட்டும் திறந்த அந்தப் பழைய கதவு வேறு உருவில் திரும்பிவிடும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் படிப்பு முடிவதற்குள் ஒரு நாள் இப்படி நடக்கக் கிடைக்க வேண்டும். செலவை அரசு ஏற்க வேண்டும். அன்றைக்கு அவர்களுக்கு ஆசிரியர் அந்த மலசர் இளைஞர். ஆசிரியருக்குரிய ஊதியத்தை அவருக்குக் கொடுப்போம். லத்தியின் சூட்டைக் கை வைத்துப் பார்த்த பிள்ளை, காட்டை அழிக்கும் திட்டம் ஒன்று நாளை வந்தால் ஏன் என்று கேட்கும்.