48-இலிருந்து 1 வரை

ஆல்ப்ஸ் மலையை இனி யாராவது என் வீட்டு வாசல் தாண்டிக் கொண்டுவந்தால் கதவைச் சாத்திவிடுவதாக இருக்கிறேன். கழுத்து இன்னும் சரியாகத் திரும்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி மகன் மியூனிக்கிலிருந்து கண்டனூருக்கு வந்தான். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண் சொருகிக் கிடந்த நேரம் பார்த்து, முகப்பில் இருந்த டிவியில் தன் போனை இணைத்தான். "பத்தே நிமிஷம் அம்மான்" என்றான். இந்தப் பத்து நிமிஷத்தை நாம் எல்லோரும் எங்கேயாவது யாரிடமாவது சொன்னவர்கள்தான். அது எவ்வளவு நீளம் என்று சொன்ன வாய்க்குத் தெரியும்.

மலைக் கணவாயை நடந்து கடப்பது உசத்தியா, சைக்கிளில் கடப்பது உசத்தியா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதில் எனக்குத் திட்டவட்டமான அபிப்பிராயம் உண்டு. ஆனால் அதற்கு முன், பையன் சைக்கிளில் ஏறிவிட்டு வந்து டிவியில் காட்டிய ஸ்டெல்வியோ கணவாயைச் சொல்லித் தீர்த்தால்தான் நெஞ்சு ஆறும்.

ஸ்டெல்வியோ இத்தாலியின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. உயரம் 2,757 மீட்டர். ஆஸ்திரிய சாம்ராஜ்யத்துக்காக கார்லோ தொனேகானி என்ற எஞ்சினீயர் 1820-இல் ஆரம்பித்து 1825-இல் ரோடு போட்டு முடித்தார். அந்த மகராசன் ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவு வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதோடு விட்டார்களா? ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கிறார்கள். அடிவாரத்தில் 48, ஏற ஏறக் குறைந்து உச்சியில் 1. நம்பர் போட்ட இடத்தைப் படம் எடுக்காமல் தாண்டுகிற பிள்ளை நம் குலத்தில் இன்னும் பிறக்கவில்லை.

48: பையன் சிரிக்கிறான், பின்னால் ஒரு கருங்கல் சுவர். 47: பையன் சிரிக்கிறான், அதே சுவர். 46-இல் வெயில். 45-இல் நிழல். 44-இல் தண்ணீர் பாட்டில். 41-இல் என் பங்காளி ஒருவர் வெற்றிலைப் பெட்டி எடுத்து வருவதாக எழுந்து போனார். அன்று அவர் திரும்பி வரவில்லை. 37-இல் ஒரு மாடு, கழுத்தில் பெரிய மணியோடு. எண்பதைத் தாண்டிய என் அயித்தை கண் விழித்து, "மாடு லெச்சணமா இருக்கே, எம்புட்டுக் கறக்கும்?" என்று கேட்டார்கள். பையனுக்குப் பால் கணக்கு தெரியவில்லை. மாடு நின்ற இடத்தின் உயரம் மீட்டர் சுத்தமாகத் தெரிந்திருந்தது.

34-இலிருந்து 30 வரை வீடியோ. மூச்சு வாங்குவது படத்தில் விழாதாம். ஆகவே மூச்சு வாங்குவதை மட்டும் தனியாகக் கேட்டோம். 26-இல் கரண்ட் போயிற்று. முகப்பே எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டியது. அதற்குள் இன்வர்ட்டர் பிடித்துக்கொண்டது. காசு கொடுத்து அதை வாங்கி மாட்டியவன் நான்தான். 23-இல் பையனுடைய கெண்டைக்கால், தனிப்படமாக. 19-இல் பனி. 18-இல் பனி இல்லை. "19-க்கும் 18-க்கும் நடுவுல கிரேடியன்ட் கூடிரும் அம்மான், கவனிச்சீங்களா?" என்றான். கவனித்தேன் என்றேன். மறுபடி காட்டினான். 14-இல் சரித்திரம்: 1953-இல் ஜிரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயம் முதன்முதலில் இந்தக் கணவாய் வழியாகப் போனபோது கோப்பி என்ற வீரர்தான் ஜெயித்தார். "காப்பியா? சீனி கம்மியா போடச் சொல்லு" என்றார்கள் அயித்தை. 1 வந்ததும் கைதட்டினோம். மனமாரத் தட்டினோம். அதைப் பையன் தப்பாக எடுத்துக்கொண்டு, "அப்ப மறுபக்கம் போர்மியோவுக்கு இறங்கினதையும் பாத்துருவோம்" என்றான்.

சைக்கிளையும் பிளேனில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, பெல் இல்லை. ஸ்டாண்டு இல்லாததால் பர்மா தேக்குத் தூணில் சாத்தினான். தூணில் கோடு விழுமே என்று வீட்டில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. வந்தவர் ஒவ்வொருவரும் அதை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்து "அட!" என்று சொல்லியாக வேண்டும். பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று உலக சைக்கிள் சங்கமே விதி வைத்திருக்கிறதாம், இல்லாவிட்டால் இன்னும் இளைத்திருக்குமாம். புதுவயல் மில்லிலிருந்து ஒரு சிப்பம் அரிசி ஏற்றிவர முடியாத வண்டியை எங்கள் பக்கம் சைக்கிள் கணக்கில் சேர்ப்பதில்லை. அது நின்ற இடமோ இத்தாலிப் பளிங்கு. கராராவில் அந்தக் கல்லை வெட்டுகிற மலைக்கு அபுவான் ஆல்ப்ஸ் என்றே பெயர். "ஆல்ப்ஸ் எங்களுக்கு ரெண்டு மூணு தலைமுறையாக் காலடியிலதான் கெடக்கு தம்பி" என்றேன். "அது வேற ஆல்ப்ஸ் அம்மான்" என்று திருத்தினான்.

பொறுக்க மாட்டாமல், "கொல்லிமலையில 70 வளைவு இருக்கு" என்று எடுத்துவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்த சனமெல்லாம் எழுந்து உட்கார்ந்தது. வால்பாறைக்கு 40, கல்லட்டிக்கு 36 என்று ஏலம் ஏறியது. யார் எந்த வளைவில் வாந்தி எடுத்தார்கள் என்பதைத் தேதியோடு சொன்னார்கள். எனக்குப் பிடித்த கணவாய் பாலக்காடுதான். சுமார் முப்பது கிலோமீட்டர் அகலம், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 140 மீட்டர். கோயம்புத்தூரில் ரயிலேறிக் கண்ணசந்து பாலக்காட்டில் விழித்தால் கடந்தாயிற்று. படம் எடுக்க ஒன்றும் இல்லை. உத்தமமான கணவாய்.

நடக்கிறவர்களுக்கு சுவிட்சர்லாந்தில் மஞ்சள் பலகை வைத்திருக்கிறார்களாம். அதில் தூரம் போடுவதில்லை, இத்தனை மணி இத்தனை நிமிஷம் என்று நேரம் போடுகிறார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற எங்களுக்குப் பலகை கிடையாது, டீக்கடைக்காரர் உண்டு. "இந்தா, அந்தத் திருப்பம் தாண்டினா வந்துரும்" என்பார். அந்தத் திருப்பம் சிங்கம்புணரியிலும் இருக்கும், நத்தத்திலும் இருக்கும், ஒட்டன்சத்திரம் வரை கூடவே வரும். நத்தம் தாண்டினால் சிறுமலைக்கும் கரந்தமலைக்கும் நடுவில்தான் ரோடு போகிறது. அதுவும் கணவாய்தானே? எவனாவது நம்பர் போட்டானா? என் உள்ளங்கால் கொப்புளத்தை நான் யார் வீட்டு டிவியிலாவது ஓட்டினேனா? அத்தனை தூரம் நடந்துவிட்டு மலைக்கு மேலே மட்டும் விஞ்சில் போவோம். அது எங்கள் சொந்த விஷயம்.

படம் காட்டுகிற வியாதி இன்று வந்ததும் அல்ல. நெப்போலியன் 1800-ஆம் வருஷம் மே மாதம் கிரேட் செயின்ட் பெர்னார்டு கணவாயைக் கடந்தது கோவேறு கழுதையில். தாவீத் வரைந்த படத்திலோ முன்னங்காலைத் தூக்கி நிற்கிற குதிரை மேல் சால்வை பறக்க உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பையனும் 9-இலிருந்து 6 வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினானாம். அவன் பெண்டாட்டி போட்டுக் கொடுத்துவிட்டாள். அந்த நாலு படத்திலும் சீட்டில்தான் இருக்கிறான்.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது இதற்குப் பிறகுதான். அயித்தையின் அப்பச்சி, அதாவது என் ஐயா, 1942-இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். ரங்கூனில் குண்டு விழுந்து, கப்பலில் இடம் கிடைக்காமல், தாமு வழியாக மலையேறி மணிப்பூருக்குள் இறங்கிய கூட்டத்தில் ஒருவர். அந்த வருஷம் பர்மாவை விட்டுக் கிளம்பிய நம் சனம் லட்சக்கணக்கில். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் வழியில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஐயா ஊர் வந்து சேர்ந்து, குளித்து, சாப்பிட்டு, "ஜோடு கிழிஞ்சு போச்சு" என்றாராம். கணக்குப் புத்தகத்தில் "ஜோடு வகை" என்று ஒரு செலவு எழுதினாராம். அவருடைய பயணக் கட்டுரை மொத்தமும் அதுதான். இதை அயித்தை சொல்லி முடித்தார்கள். பையன் உண்மையிலேயே ஆர்வமாகத்தான் கேட்டான்: "எலிவேஷன் கெயின் எவ்வளவு இருக்கும் அம்மான்?"

ஐயாவிடம் கேட்டிருந்தால் ஜோடு விலையைச் சொல்லியிருப்பார்.

அடுத்த வருஷம் பிரான்ஸ் பக்கம் போகிறானாம். ஆல்ப் துவேஸ். "21 வளைவுதான் அம்மான்" என்று ஆறுதல் வேறு. அங்கே வளைவுக்கு வளைவு, ஜெயித்தவர்கள் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்களாம். ஆளுக்கொரு கதை உண்டாம், அத்தனையும் படித்துக்கொண்டு வந்து சொல்கிறானாம். நடையா சைக்கிளா என்பதை அதற்குள் எழுதிவிடப் பார்க்கிறேன். அயித்தையிடம் இப்போதே பேசி முடித்துவிட்டேன்: அவன் வருகிற தேதி தெரிந்ததும், தைப்பூசமோ இல்லையோ, நாங்கள் இரண்டு பேரும் பழனிக்கு நடக்கக் கிளம்பிவிடுவோம்.