‘அடுத்த மாடல்’ அதிகாரிக்கு நாமக்கல்லிலிருந்து ஒரு மனு

அனுப்புநர்:
கோழிப்பண்ணைக்காரன் ஒருவன்,
மோகனூர் ரோடு, நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கு அடுத்த மாடல் எப்போது என்று முடிவு செய்யும் அதிகாரி அவர்கள்.
(எந்த ஊர் என்று தெரியவில்லை. தபால்காரர் மன்னிக்கவும்.)

பொருள்: எட்டு ஆண்டு எட்டு மாதமாக வாங்கப்படாமல் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் – தேதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கடைக்காரத் தம்பியின் வாய்மொழி உத்தரவு, மே 2017.
2. மேற்படி தம்பியின் இதர வாய்மொழி உத்தரவுகள், நாளது தேதி வரை.

ஐயா,

இதைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம் என்றுதான் போனேன். வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் முழுசாகப் படித்துவிட்டு, "இது எந்தத் துறைங்க?" என்றார். பட்டாவுக்கு வருவாய்த் துறை, சாக்கடைக்கு ஊராட்சி, மாட்டுக்குக் கால்நடைத் துறை. காத்திருப்புக்குத் துறை இல்லையாம். "எல்லாத் துறையிலயும் அதுதானுங்க நடக்குது, தனியா எதுக்கு" என்று கையை விரித்துவிட்டார். ஆகவே நேரடியாகத் தங்களுக்கே எழுதுகிறேன்.

நான் முட்டைக்கோழி வளர்ப்பவன். எங்கள் தொழிலிலும் மாடல் மாறும். நாங்கள் அதை பேட்ச் என்போம். ஒரு நாள் வயதுக் குஞ்சு வந்து இறங்கும். பதினெட்டு, இருபது வாரத்தில் முட்டையிட ஆரம்பிக்கும். எழுபத்திரண்டு வாரத்துக்கு மேல் முட்டை குறையக் குறைய, பழைய கோழியைக் கழித்துவிட்டு ஷெட்டைக் கழுவி அடுத்த பேட்ச் இறக்குவோம். அந்தக் குஞ்சு எந்த மாதம், எந்தக் கிழமை வரும் என்று பல மாதம் முன்பே பொரிப்பகத்தில் புக்கிங் போட்டிருப்போம். அடுத்த பேட்ச் எப்போது என்று தெரியாமல் ஷெட்டைக் காலியாக வைத்திருப்பவனை நாமக்கல்லில் பைத்தியக்காரன் என்பார்கள். என் ஆபீஸ் மேசை எட்டு வருஷமாக அப்படித்தான் காத்துக் கிடக்கிறது.

காலி என்று சொல்லக் கூடாது. 2012இல் வாங்கிய ஒரு டெஸ்க்டாப் அதில் உட்கார்ந்திருக்கிறது. தீவனக் கலவைக் கணக்கு முழுவதும் அதில்தான். கோழி ஒன்று நாளைக்குச் சுமார் 110 கிராம் தின்னும். மக்காச்சோளம் எவ்வளவு, சோயா புண்ணாக்கு எவ்வளவு, கால்சியத்துக்குச் சுண்ணாம்புக்கல் எவ்வளவு என்பதெல்லாம் எக்செல் தாளில். சோளத்தூசி ஃபேனில் அடைத்து, அது இப்போது ரைஸ்மில் போலச் சத்தம் போடுகிறது. கணக்கு எழுதும் பெண், "அண்ணா, இது ஆன் ஆகறதுக்குள்ள நாலு அட்டை முட்டை எண்ணிப் போட்டுறலாங்ணா" என்கிறாள்.

2017 மே மாதம் சேலத்தில் ஒரு கடைக்குப் பணத்தோடு போனேன். கடையில் இருந்த தம்பி நல்ல பையன். அதுதான் வினை. "ரெண்டு மாசம் பொறுங்ணா. ஜூலைல ஜிஎஸ்டி வருது, விலை என்ன ஆகும்னு பாத்துக்கலாம். அப்புறம் புது ஜெனரேஷன் வேற வருது." அன்றைக்குக் கடையில் இருந்தது இன்டெல்லின் ஏழாம் ஜெனரேஷன். அக்டோபரில் எட்டு வந்தது. நான் பணத்தை எடுப்பதற்குள் 2018 ஜனவரி 3ஆம் தேதி மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று சிப்புக்குள்ளேயே ஓட்டை இருப்பதாக உலகம் முழுக்கச் செய்தி. "ஓட்டை அடைச்சது வரட்டுங்ணா" என்றான் தம்பி. அடைத்தது வருவதற்குள் மானிட்டருக்கு வரி குறையப் போகிறது என்றான். சொன்னபடி 2019 ஜனவரி 1 முதல் 32 அங்குலம் வரை 28 சதவீதம் 18 ஆனது. பொய்யே சொல்லாத பையன். அவன் சொன்னது ஒவ்வொன்றும் நடந்தது. நான் வாங்குவது மட்டும் நடக்கவில்லை.

2020இல் விண்டோஸ் 7க்கு ஆதரவு முடிந்தது. தேதி ஜனவரி 14. தாங்கள் தேதி குறிக்கும்போது பஞ்சாங்கம் பார்ப்பதுண்டா என்று தெரியவில்லை. எங்களுக்கு அன்று போகி. விடியற்காலையில் பழைய பாயையும் முறத்தையும் வீதியில் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தோம். வீட்டில் என்னைப் பார்த்து, "ஏனுங்க, அதையும் தூக்கிட்டு வாங்க" என்றார்கள். நான் தடுத்துவிட்டேன். மகன் அதே பெட்டியில் விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்தான். இரண்டு மாதத்தில் ஊரடங்கு வந்தது. அதன் பிறகு சிப் பஞ்சம். அந்தக் கதை தங்களுக்கே தெரியும்.

நடுவில் எனக்கு ஒரு வெற்றி கிடைத்ததைப் பதிவு செய்ய வேண்டும். பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி 2017 மே மாதமே ஏழாம் ஜெனரேஷனை வாங்கி, "நீ காத்துக்கிட்டே இரு" என்று சிரித்தார். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, ஏறக்குறைய எட்டாம் ஜெனரேஷனிலிருந்துதான் ஏற்றுக்கொள்வோம் என்று பட்டியல் போட்டார்கள். நாலு வருஷத்தில் பங்காளியின் பெட்டி கழிவுக்கோழி. அவரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். பொறுமை ஜெயித்தது. ஜெயித்ததை ஏற்றிப் பார்க்கத்தான் என்னிடமும் ஒரு பெட்டி இல்லை.

என் அப்பா சொல்வார்: முட்டைக்காரன் விலைக்குக் காத்திருக்கக் கூடாது, மஞ்சள்காரன் அவசரப்படக் கூடாது. முட்டைக்கு தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலை அறிவிக்கும். வியாபாரி அதிலிருந்து மைனஸ் போட்டுக் கேட்பான். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிட வேண்டும், நாளை என்றால் நாறிவிடும். மஞ்சள் அப்படி இல்லை. வேகவைத்துக் காயவைத்து மூட்டை போட்டால் வருஷக்கணக்கில் குடோனில் கிடக்கும். ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் ஏலத்துக்குக் கொண்டுபோன மூட்டையை விலை பிடிக்காமல் திருப்பிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அதில் வீடு கட்டியவனும் இருக்கிறான், வட்டியில் போனவனும் இருக்கிறான்.

கம்ப்யூட்டர் இதில் எந்த ஜாதி? நான் வெகுகாலம் முட்டை என்றே நினைத்தேன். கடையில் இருக்க இருக்க மதிப்புக் குறையும் சரக்கு. வாங்குகிறவன் ஒரு மாதம் தள்ளினால் ஒரு மாத லாபம். கணக்கு சரிதான். நாளைக்கு முட்டை விலை இறங்கும் என்று எட்டு வருஷம் ஆம்லெட் சாப்பிடாமல் இருப்பது போன்ற கணக்கு.

2023இல் திரும்பவும் போனேன். மேசையில் இடம் இல்லாததால், முட்டை அட்டைகளுக்கு நடுவே வைக்கிற மாதிரி ஒரு சின்ன டப்பா கம்ப்யூட்டர் பார்த்து வைத்திருந்தேன். ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு. தொட்டது துலங்கும் நாள். காலையில் காவிரிக்குப் போய்விட்டு மத்தியானம் கடைக்குப் போனால், அன்றைக்குத்தான் டெல்லியில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் உத்தரவு போட்டிருக்கிறது: லேப்டாப், டேப்லட், ஆல்-இன்-ஒன், சின்ன டப்பா, சர்வர் எல்லாவற்றுக்கும் இறக்குமதி லைசென்ஸ். பெரிய பெட்டிக்கு இல்லை; நான் பார்த்து வைத்த சின்ன டப்பாவுக்குத்தான். மறுநாளே அக்டோபர் 31 வரை தள்ளி வைத்தார்கள். ஓர் அரசாங்கமே 'கொஞ்சம் பொறுங்க' என்று சொல்லும்போது நான் யார் அவசரப்பட?

அடுத்து எண்ணிக்கையில் அடித்தீர்கள். பதின்மூன்று, பதினான்கு என்று விரல் விட்டு எண்ணி, பதினைந்தில் வாங்குவதாகக் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டிருந்தேன். 2024 அக்டோபரில் பதினைந்து வரவில்லை. 'கோர் அல்ட்ரா 200' வந்தது. எண்ணிக்கை தெரியாதவனிடமா இருந்தேன் இத்தனை நாள்?

இந்த வியாதிக்குப் பெயர் இருக்கிறது என்று மகன் சொன்னான்: ஆஸ்பார்ன் எஃபெக்ட். அடுத்த மாடல் வருகிறது என்று தெரிந்துவிட்டால் இருக்கிற மாடலை யாரும் வாங்க மாட்டார்கள் என்பது. ஏதோ அமெரிக்கச் சமாசாரம் என்று விட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது நம்ம திருவண்ணாமலைக்காரர் சமாசாரம். சேலத்திலிருந்து அரூர், ஊத்தங்கரை, செங்கம் வழியாகப் போகிற அதே திருவண்ணாமலை.

ஆடம் ஆஸ்பார்ன் 1939இல் பாங்காக்கில் பிறந்தவர். அப்பா ஆர்தர் ஆஸ்பார்ன், ரமண மகரிஷியின் பக்தர். ரமணரைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். போர்க் காலத்தில் அப்பா தாய்லாந்தில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருக்க, பையன் தாயோடு மலையடிவாரத்தில் வளர்ந்தான். பெரியவனாகி அமெரிக்கா போய் 1981இல் ஆஸ்பார்ன் 1 என்று ஒரு கம்ப்யூட்டர் விற்றார். தூக்கிக்கொண்டு போகலாம் என்று விளம்பரம். எடை சுமார் பதினொரு கிலோ. திரை ஐந்து அங்குலம், நம்ம ஊர் ஒற்றை முட்டை ஆம்லெட் அளவு. விலை 1,795 டாலர், சாஃப்ட்வேரும் கூடவே. உச்சத்தில் மாதம் பத்தாயிரம் விற்றது. 1983 தொடக்கத்தில் வாய் சும்மா இருக்காமல், இதைவிட நல்லதாக 'எக்ஸிக்யூட்டிவ்' என்று ஒன்று வருகிறது என்று சொல்லிவிட்டார். கடைக்காரர்கள் போட்ட ஆர்டரை நிறுத்தினார்கள். செப்டம்பரில் கம்பெனி திவால். போட்டிக் கம்பெனிகள்தான் உண்மைக் காரணம், இந்தக் கதை ஊதிப் பெருக்கியது என்று சொல்பவர்களும் உண்டு, இருக்கலாம். பெயர் மட்டும் அவர் தலையில் நின்றுவிட்டது. கடைசியில் உடல் தளர்ந்து தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்து, 2003இல் கொடைக்கானலில் காலமானார்.

'நான் யார்' என்று கேட்கச் சொன்னவரின் ஊரில் வளர்ந்த பிள்ளை, 'அடுத்தது எது' என்ற கேள்வியால் விழுந்தார்.

ஐயா, அவர் கதையிலிருந்து தங்கள் இலாகா கற்ற பாடம்தான் என் வழக்கே. அவர் முன்கூட்டியே சொன்னார், கெட்டார். ஆகவே தாங்கள் யாரும் தேதி சொல்வதில்லை. வதந்தியை மட்டும் அவிழ்த்து விடுகிறீர்கள். ஆப்பிள் கம்பெனி 2014 அக்டோபரில் ஒரு மேக் மினி விட்டது; அடுத்ததை 2018 அக்டோபரில்தான் அறிவித்தது. நடுவில் நாலு வருஷம், இன்று வரும் நாளை வரும் என்று பேச்சு. எங்கள் பொரிப்பகத்துக்காரர் அப்படி ஒரு பேட்ச் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் சங்கத்தைக் கூட்டிவிடுவோம். வாங்குகிறவன் காத்திருப்பது அவன் புத்தி என்கிறார்கள். பாதி உண்மை. காத்திருக்கச் சொல்லும் மணியை ஒளிந்திருந்து அடிப்பது யார் என்பது மீதி.

2025க்கு வருகிறேன். ஆகஸ்ட் 15 செங்கோட்டையில் பிரதமர் ஜிஎஸ்டி குறையும், தீபாவளிப் பரிசு என்றார். ஊரில் பிரிட்ஜ் வாங்கப் போனவன்கூடத் திரும்பி வந்தான். நானும் திரும்பினேன். செப்டம்பர் 22 அன்று அமலுக்கு வந்தபோது பார்த்தால், கம்ப்யூட்டருக்கு முன்பும் 18, பின்பும் 18. குறைந்தது 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு. அவ்வளவு பெரிதில் பார்க்க என் கணக்கில் அத்தனை லாபம் இல்லை. ஆயுத பூஜைக்குப் பழைய பெட்டிக்கே சந்தனம் குங்குமம் வைத்தேன். அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கும் ஆதரவு முடிந்தது.

சரி, இனிப் பொறுப்பதில்லை என்று தீபாவளி கழித்துப் போனால், ரேம் விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரி முழுவதையும் மொத்தமாக வாரிக்கொள்கின்றனவாம். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூவரும்தான் உலகத்துக்குப் பெரும்பாலும் மெமரி ஊற்றுகிறார்கள். அதில் மைக்ரான் டிசம்பர் 3ஆம் தேதி, சில்லறைக்கு விற்கும் தன் க்ரூஷியல் வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. சில மாதத்தில் ரேம் விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. எட்டு வருஷம் நான் முட்டை என்று நினைத்த சரக்கு ஒரே மழையில் மஞ்சளாகிவிட்டது. குடோனில் மூட்டை வைத்திருந்தவன் நான் இல்லை.

வேகமான மாடலோ விலைக் குறைப்போ தங்களிடம் நான் கேட்கவில்லை. குஞ்சு இறங்கும் தேதி மாதிரி ஒரு தேதி போதும்: இந்த மாடல் இன்ன மாதம் வரும், இத்தனை வருஷம் முட்டையிடும், இன்ன மாதம் கழிக்கப்படும் என்று பெட்டி மேலேயே அச்சடித்து. பால் பாக்கெட்டில் போடுகிறார்கள். தீவன மூட்டையில் போடுகிறார்கள். அடுத்த பேட்ச் மாசியில் இறங்குகிறது. அதற்குள் பதில் வந்தால் நலம். வராவிட்டால் கணக்குப் பெண் நோட்டு வாங்கி வைத்திருக்கிறாள், 200 பக்கம், கோடு போட்டது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பண்ணைக்காரன்.
நாள்: 14.01.2026, போகி.

இணைப்பு:
1. கொட்டேஷன், மே 2017. அடியில்: '30 நாள் செல்லும்.'
2. கொட்டேஷன், ஆகஸ்ட் 2023. அடியில்: '7 நாள் செல்லும்.'
3. கொட்டேஷன், டிசம்பர் 2025. அடியில்: 'இன்று மாலை 5 மணி வரை மட்டும்.' வாட்ஸ்அப்பில் வந்தது. வந்த நேரம் 4:40.